ஒரு கிலோ விளைய எத்தனை லிட்டர்? பாசனத் தண்ணீரை அளந்து கணக்குப் போடும் வழி

ஒரு கன மீட்டர் தண்ணீருக்கு எத்தனை கிலோ விளைந்தது என்பதுதான் நீர் உற்பத்தித்திறன். விளைச்சலைத் தண்ணீரால் வகுத்தால் விடை வந்துவிடும். சிக்கல் எல்லாம் கீழே போடும் எண்ணில் இருக்கிறது. எந்தத் தண்ணீரால் வகுப்பது? மோட்டார் இறைத்த தண்ணீரா, வயலின் மடைக்குள் நுழைந்த தண்ணீரா, மழையையும் சேர்த்தா, அல்லது வயலிலிருந்து ஆவியாகப் போனதை மட்டுமா? ஒரே வயலுக்கு நான்கு விடை கிடைக்கும். நான்குமே சரிதான். ஆகவே எதை வைத்து வகுத்தார்கள் என்று சொல்லாமல் தரப்படும் எந்த எண்ணையும் இன்னொன்றோடு ஒப்பிடக் கூடாது.

மில்லிமீட்டரில் யோசிக்கப் பழகுங்கள்

மழையை மில்லிமீட்டரில் சொல்கிறோம், பம்பு ஓட்டத்தை லிட்டரில் சொல்கிறோம். இரண்டையும் ஒரே கணக்கில் கொண்டுவர மூன்று எண்கள் போதும். ஒரு எக்டேரில் 1 மி.மீ. உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அது 10 கன மீட்டர், அதாவது 10,000 லிட்டர். ஒரு ஏக்கரில் அதே 1 மி.மீ. என்பது ஏறத்தாழ 4,050 லிட்டர். நொடிக்கு 1 லிட்டர் ஓடும் தண்ணீர் ஒரு மணி நேரத்தில் 3.6 கன மீட்டராகச் சேரும். இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டால் மீதியெல்லாம் பெருக்கல், வகுத்தல்தான்.

ஓட்டத்தை அளப்பது

குழாய் வழியாகத் தண்ணீர் வந்தால் டிரம்மும் கைக்கடிகாரமும் போதும். 200 லிட்டர் டிரம் 25 நொடியில் நிரம்பினால் ஓட்டம் நொடிக்கு 8 லிட்டர். பிழை நுழையும் இடங்கள் மூன்று. முதலாவது டிரம்மே: 200 லிட்டர் என்று சொல்லப்படும் இரும்பு டிரம் விளிம்பு வரை அதைவிடக் கூடுதலாகவே பிடிக்கும். அளவு தெரிந்த வாளியால் ஊற்றி, 200 வரும் இடத்தில் உள்ளே ஒரு கோடு போட்டுவிடுங்கள். இரண்டாவது நேரம்: டிரம் பத்து நொடிக்குள் நிரம்பிவிட்டால், ஒரு நொடி தவறினாலும் விடை பத்து சதவீதத்துக்கு மேல் புரண்டுவிடும். அப்போது பெரிய தொட்டி வேண்டும். மூன்றாவதுதான் பலர் மறப்பது: மோட்டார் போட்ட முதல் பத்து நிமிடத்தில் இருக்கும் ஓட்டம் மூன்று மணி நேரம் கழித்து இருக்காது. கிணற்றில் நீர்மட்டம் இறங்க இறங்க ஓட்டம் குறையும். தொடக்கத்தில், நடுவில், நிறுத்தும் முன் என மூன்று முறை அளந்து சராசரி எடுக்க வேண்டும்.

ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் டிரம்மைத் தூக்கிக்கொண்டு நிற்க முடியாது. மின்மோட்டாராக இருந்தால் மின் மீட்டரையே நீர் மீட்டராக்கிக் கொள்ளலாம். ஒரு மணி நேரம் ஓடவிட்டு 28.8 கன மீட்டர் இறைத்தது, 3.2 யூனிட் செலவானது என்றால், யூனிட்டுக்கு 9 கன மீட்டர். பிறகு பருவம் முழுவதும் யூனிட்டைக் குறித்தாலே தண்ணீர் தெரிந்துவிடும். ஆனால் நீர்மட்டம் சில மீட்டர் இறங்கியதும் இந்த விகிதம் பழசாகிவிடும். அதே தண்ணீரை மேலே கொண்டுவரக் கூடுதல் மின்சாரம் தேவைப்படுவதால், யூனிட்டுக்கான கன மீட்டர் குறையும். மாதம் ஒருமுறையாவது டிரம்மை வைத்துச் சரிபார்க்க வேண்டும். கிணறு வற்றி மோட்டார் காற்றை இழுக்கும் நேரத்திலும் யூனிட் ஓடிக்கொண்டுதான் இருக்கும் என்பதையும் கவனிக்க வேண்டும்.

குழாயில் பொருத்தும் நீர் மீட்டர் வசதியானது. ஆனால் அது முழுக் குழாய்க்காகச் செய்யப்பட்ட கருவி. குழாய் பாதி நிரம்பி ஓடினாலும் முழுதாக ஓடுவதாகவே எண்ணிக்கொண்டு மீட்டர் கூட்டிக் காட்டும். வளைவுக்கோ வால்வுக்கோ ஒட்டி மாட்டினால் நீரின் சுழலால் அளவு கெடும். பொதுவான விதி, மீட்டருக்கு முன் குழாய் விட்டத்தைப்போல் 10 மடங்கும் பின் 5 மடங்கும் நேர்க்குழாய் இருக்க வேண்டும். 75 மி.மீ. குழாய்க்கு முன்னால் 75 செ.மீ., பின்னால் 38 செ.மீ.

திறந்த வாய்க்காலில் அளக்க, 90 பாகையில் 'வி' வடிவம் வெட்டிய தகடு சிறிய ஓட்டங்களுக்கு நல்ல கருவி. தகட்டை வாய்க்காலுக்குக் குறுக்கே செங்குத்தாக நட்டு, ஓரங்களைக் களிமண்ணால் அடைத்து, தண்ணீர் முழுவதும் 'வி' வழியாகவே விழும்படி செய்ய வேண்டும். 'வி'யின் அடி முனையிலிருந்து தண்ணீர் எவ்வளவு உயரம் நிற்கிறது என்பதை மீட்டரில் எடுத்து, அதன் 2.5 அடுக்கை 1.38-ஆல் பெருக்கினால் நொடிக்கு எத்தனை கன மீட்டர் என்று வரும். கணக்குப் போட விருப்பமில்லை என்றால்: 5 செ.மீ. உயரத்துக்கு நொடிக்கு 0.8 லிட்டர், 10 செ.மீ.க்கு 4.4, 15 செ.மீ.க்கு 12, 20 செ.மீ.க்கு 24.7 லிட்டர்.

எண்களை இன்னொரு முறை பாருங்கள். உயரம் இரட்டித்தால் ஓட்டம் ஐந்து மடங்குக்கு மேல் கூடுகிறது. இதனால் அளவுகோலைப் படிப்பதில் ஒரு சிறு தவறு பெரிய தவறாகிவிடும். 10 செ.மீ.யை 11 என்று படித்தால் ஓட்டம் 4.4-க்குப் பதில் 5.5 ஆகிவிடும். கிட்டத்தட்ட கால் பங்கு பிழை! தகட்டின் மேலேயே அளவுகோலை வைத்துப் படிப்பதுதான் வழக்கமான தவறு. விழப்போகும் தண்ணீர் அந்த இடத்துக்கு முன்பே சரியத் தொடங்கிவிடும். அளவுகோலை, நிற்கக்கூடிய அதிகபட்ச உயரத்தைப்போல் நான்கு மடங்கு தூரமாவது மேல்பக்கமாக நட்டு, அதன் பூஜ்ஜியக் குறியை 'வி'யின் அடி முனையோடு நீர்மட்டக் குழாய் பிடித்துச் சமப்படுத்துங்கள். மேல்பக்கம் வண்டல் சேர்ந்தால் உடனே வாரிவிட வேண்டும். கீழ்ப்பக்கத் தண்ணீர் 'வி'யின் அடி முனைக்குக் கீழே இருந்தால்தான் மேலே சொன்ன கணக்கு பொருந்தும். சரிவே இல்லாத வாய்க்காலில் அந்த வீழ்ச்சி கிடைக்காது. அத்தகைய இடங்களுக்குத்தான் அமெரிக்காவின் கொலராடோவில் ரால்ஃப் பார்ஷல் உருவாக்கிய, நடுவில் குறுகும் தொட்டி பயன்படுகிறது. குறைந்த வீழ்ச்சியே போதும், வண்டலும் தங்காமல் போய்விடும்.

மிதவையை விட்டு நேரம் பார்க்கும் முறையும் உண்டு. 10 மீட்டரை 25 நொடியில் கடந்தால் மேற்பரப்பு வேகம் நொடிக்கு 0.4 மீட்டர். அடியிலும் கரையிலும் தண்ணீர் மெதுவாகப் போவதால், ஆழம் குறைந்த மண் வாய்க்காலில் இதை 0.66 வாக்கில் பெருக்கி, பிறகு குறுக்குப் பரப்பால் பெருக்க வேண்டும். ஓட்டம் என்ன வரிசையில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள உதவும். உற்பத்தித்திறன் கணக்குக்கு இதை நம்ப வேண்டாம்.

ஒரு ஏக்கர் மக்காச்சோளம்

கணக்கை ஒரு எடுத்துக்காட்டில் பார்ப்போம். பயிர் 110 நாள். மோட்டார் மொத்தம் 80 மணி நேரம் ஓடியது. டிரம் வைத்து அளந்ததில் நொடிக்கு 8 லிட்டர், அதாவது இறைத்தது 2,304 கன மீட்டர். வாய்க்கால் வழியாக வந்து மடையில் 'வி' தகட்டைத் தாண்டும்போது உயரம் சராசரியாக 11.7 செ.மீ., ஓட்டம் நொடிக்கு 6.5 லிட்டர். வயலுக்குள் வந்தது 1,872 கன மீட்டர், அதாவது 463 மி.மீ. வழியிலேயே 19 சதவீதம் போய்விட்டது. பருவத்தில் பெய்த மழை 120 மி.மீ., அதாவது 486 கன மீட்டர்.

நான்காவது எண், ஆவியாகிப் போன தண்ணீர். இலை வழியாகப் போவதும் மண்ணின் மேலிருந்து போவதும் இதில் சேரும். இதை நேரடியாக அளக்க வயல் மட்டத்தில் எளிய கருவி கிடையாது, கணித்துத்தான் எடுக்க வேண்டும். ஐ.நா. உணவு வேளாண் நிறுவனம் 1998-ல் வெளியிட்ட முறைதான் உலகெங்கும் வழக்கில் உள்ளது. நன்றாக நீர் பெற்ற, சீரான குட்டைப் புல்வெளி ஒரு நாளில் எவ்வளவு ஆவியாக்கும் என்பதை வெப்பநிலை, வெயில், காற்று, ஈரப்பதத்திலிருந்து கணக்கிட்டு, அதைப் பயிர்க் கெழுவால், அதாவது அந்தப் புல்வெளியைப்போல் எத்தனை மடங்கு பயிர் ஆவியாக்கும் என்ற எண்ணால், பெருக்க வேண்டும். வானிலை நிலையம் பக்கத்தில் இல்லையென்றால், 120.7 செ.மீ. விட்டமுள்ள 'ஏ' வகை ஆவியாதல் தட்டில் ஒரு நாளில் குறையும் அளவை 0.7-ஆல் பெருக்கிக்கொள்ளலாம். தட்டைச் சுற்றி வெற்றுத்தரையா, பச்சையா, காற்று எப்படி என்பதைப் பொறுத்து இந்த 0.7 மாறும். பறவைகள் வந்து குடிக்காமல் வலை போடுவது நல்லது.

தட்டில் நாளுக்கு 6.6 மி.மீ. குறைந்தால் புல்வெளி அளவு 4.6 மி.மீ. மக்காச்சோளத்துக்கு முதல் 20 நாள் கெழு 0.3, அடுத்த 30 நாள் ஏறிக்கொண்டே போகும்போது சராசரி 0.75, கதிர் விட்டு மணி பிடிக்கும் 40 நாள் 1.2, முற்றும் 20 நாள் சராசரி 0.85. நாட்களாலும் 4.6-ஆலும் பெருக்கிக் கூட்டினால் 28, 103, 221, 78 என மொத்தம் 430 மி.மீ., அதாவது 1,740 கன மீட்டர். தொடக்கத்தில் அடிக்கடி பாய்ச்சி மண் ஈரமாகவே இருந்தால் அந்த 0.3 போதாது, வெற்று மண்ணிலிருந்தே நிறையப் போகும். இன்னொன்று: இந்த 430 மி.மீ. வாடாத பயிருக்கான எண். பயிர் இடையில் வாடியிருந்தால் உண்மையில் போனது இதைவிடக் குறைவு. அப்போது இதையே வைத்து வகுத்தால் உற்பத்தித்திறன் உண்மையைவிடக் குறைவாகத் தெரியும்.

மணி 2,800 கிலோ கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். அதில் ஈரப்பதம் 18 சதவீதம். 14 சதவீத ஈரத்துக்கு மாற்றினால் 2,800-ஐ 82-ஆல் பெருக்கி 86-ஆல் வகுக்க, 2,670 கிலோ. தண்ணீரை லிட்டர் சுத்தமாக அளந்துவிட்டு, எடையில் இருக்கும் தண்ணீரைக் கணக்கில் விட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் வேடிக்கை. வயலின் நடுவில் 5 மீட்டருக்கு 5 மீட்டர் அறுத்து ஏக்கருக்குப் பெருக்கினாலும் விளைச்சல் கூடுதலாகவே வரும், ஏனென்றால் வரப்பும் வாய்க்காலும் அந்தச் சதுரத்தில் இல்லை.

இனி வகுக்கலாம். இறைத்த தண்ணீரால் வகுத்தால் கன மீட்டருக்கு 1.16 கிலோ. மடைக்குள் வந்ததால் வகுத்தால் 1.43. மழையையும் சேர்த்தால் 1.13. ஆவியானதால் வகுத்தால் 1.53. மின்செலவைப் பற்றிப் பேசுகிறவருக்கு முதல் எண் வேண்டும். வயலுக்குள் தண்ணீரை எப்படி நிர்வகிக்கிறோம் என்று பார்க்கிறவருக்கு மழை சேர்ந்த எண் வேண்டும். பயிரையும் ரகத்தையும் ஒப்பிட ஆவியானதை வைத்த எண்தான் நியாயம். ஸ்வார்ட், பாஸ்டியான்சென் என்ற ஆய்வாளர்கள் இருவரும் உலகம் முழுவதிலிருந்தும் வந்த அளவீடுகளைத் தொகுத்து 2004-ல் வெளியிட்ட வரம்புகள் இந்தக் கடைசி வகையைச் சேர்ந்தவை: மக்காச்சோளம் 1.1 முதல் 2.7, கோதுமை 0.6 முதல் 1.7, நெல் 0.6 முதல் 1.6. இறைத்த தண்ணீரால் வகுத்த நம் 1.16-ஐ இந்த வரம்போடு வைத்துப் பார்த்து, அடிமட்டத்தில் இருக்கிறோமே என்று வருந்துவது பொருந்தாத ஒப்பீடு.

மீதித் தண்ணீர் எங்கே போனது?

வந்தது 463-ம் 120-ம் சேர்த்து 583 மி.மீ. ஆவியானது 430. கடைமடையில் வழிந்து வெளியே ஓடியது 40 என்று அளந்தோம். விதைக்கும்போது மண்ணில் இருந்த ஈரத்தைவிட அறுவடையின்போது 20 மி.மீ. குறைந்திருந்தது, அதுவும் பயிருக்குத்தான் போயிற்று. ஆக 583-ஐயும் 20-ஐயும் கூட்டி, 430-ஐயும் 40-ஐயும் கழித்தால் 133 மி.மீ. வேருக்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும்.

மண் ஈரத்தை அறிய ஆழவாரியாக மண் எடுத்து, எடை போட்டு, 105 பாகை செல்சியஸில் 24 மணி நேரம் அடுப்பில் உலர்த்தி, மறுபடி எடை போட வேண்டும். எடை அளவிலான ஈர வித்தியாசத்தை மண்ணின் பரும அடர்த்தியாலும் (ஒரு கன செ.மீ. இடத்தில் உள்ள உலர்ந்த மண் எத்தனை கிராம் என்பது) ஆழத்தாலும் பெருக்கினால் மில்லிமீட்டர் கிடைக்கும். வேறொரு வயலில் 60 செ.மீ. ஆழம் வரை ஈரம் 22-லிருந்து 14 சதவீதத்துக்கு இறங்கி, அடர்த்தி 1.4 என்றால் குறைந்த ஈரம் 67 மி.மீ. அடர்த்தியால் பெருக்க மறந்தால் 48 என்றுதான் வரும்.

அந்த 133-ஐ யாரும் அளக்கவில்லை, கழித்து எடுத்தது. கழித்து எடுக்கும் எண்ணில்தான் மற்ற எல்லாப் பிழைகளும் வந்து குவியும். மடையில் எடுத்த அளவு பத்து சதவீதம் தவறியிருந்தால் அது 46 மி.மீ., அதாவது 133-ல் மூன்றில் ஒரு பங்கு. இந்த எண்ணை வைத்துப் பெரிய முடிவு எடுக்கும் முன் 'வி' தகட்டை ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வருவது நல்லது.

கீழே இறங்கியது வீணா? வயல்காரருக்கு வீண்தான், இறைத்த செலவு போயிற்று. ஆனால் நிலத்தடி நீர் நல்ல நீராக இருந்தால் அது பக்கத்துக் கிணற்றில் மறுபடி ஏறும். உப்பு நீரில் கலந்தால் திரும்பக் கிடைக்காது. மண்ணில் உப்பு சேரும் இடங்களில் கொஞ்சம் தண்ணீர் வேருக்குக் கீழே இறங்கி உப்பைக் கழுவியே ஆக வேண்டும், அதையும் வீண் என்று எழுத முடியாது. சர்வதேச நீர் மேலாண்மை நிறுவனத்துக்காக டேவிட் மோல்டன் 1997-ல் வகுத்த நீர்க் கணக்குமுறை இதைத்தான் முறைப்படுத்தியது: வயல், பாசனப் பகுதி, ஆற்றுப்படுகை என எல்லையை முதலில் குறி, உள்ளே வந்ததை எழுது, இனி யாருக்கும் கிடைக்காதபடி போனதைத் தனியாக எழுது, அதில் பயனுள்ளது எவ்வளவு என்று பிரி.

எல்லையை மாற்றினால் விடை மாறும் என்பதற்குச் சொட்டுநீர் நல்ல சான்று. சொட்டுநீர் போட்டவரின் வயலில் கீழே இறங்கும் தண்ணீர் குறையும், இறைப்பும் குறையும். மிச்சமான தண்ணீரில் இன்னும் அரை ஏக்கர் சேர்த்துப் பயிரிட்டால், அந்தப் படுகையிலிருந்து ஆவியாகப் போவது முன்பைவிடக் கூடும், பக்கத்துக் கிணற்றுக்குப் போய்ச் சேர்ந்ததும் நின்றுவிடும். கருவி பழுதல்ல. வயல் எல்லையில் மிச்சமானது படுகை எல்லையில் மிச்சமாகவில்லை, அவ்வளவுதான். ஆகவே சேமிப்பு என்று சொல்லும்போது இறைப்பில் குறைந்ததா, ஆவியாவதில் குறைந்ததா என்று இரண்டையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

நெல்லும் சொட்டுநீரும்

நெல்லில் தண்ணீர் நிற்பதால் நட்டமும் இரு வழியாகப் போகும், அடியில் ஒன்று, வரப்பில் ஒன்று. பிரித்தறிய இரண்டு டிரம்கள் போதும். அடி உள்ள ஒன்றையும் அடி வெட்டிய ஒன்றையும் வயலில் புதைத்து, இரண்டிலும் நாற்று நட்டு, வெளியே இருக்கும் மட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றி, மறுநாள் பார்க்க வேண்டும். அடி உள்ளதில் குறைவது ஆவியாவது மட்டும். அடி இல்லாததில் அதோடு கீழே இறங்குவதும் சேரும். வெளியே வயலில் குறைவதில் வரப்புக் கசிவும் சேரும். முறையே 6, 10, 14 மி.மீ. குறைந்தால் அடியில் 4, வரப்பில் 4. வரப்பைப் பூசி மெழுகினால் எவ்வளவு மிஞ்சும் என்பது அந்தக் கடைசி எண்ணிலேயே தெரிந்துவிடும்.

காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விடுகிறவர்கள், 30 செ.மீ. நீளத் துளையிட்ட குழாயை 20 செ.மீ. மண்ணுக்குள் இருக்கும்படி நட்டு, உள்ளே இருக்கும் மண்ணை வாரிவிட்டு, குழாய்க்குள் தண்ணீர் மண் மட்டத்துக்கு 15 செ.மீ. கீழே போனதும் பாய்ச்சலாம். பூப்பதற்கு ஒரு வாரம் முன்பிருந்து பூத்து ஒரு வாரம் வரை 5 செ.மீ. தண்ணீர் நிற்கவிட வேண்டும். அப்போது காயவிட்டால் பதர் கூடும்.

சொட்டுநீரில் மொத்த அளவைவிடச் சமச்சீர்தான் முக்கியம். நான்கு பக்கக் குழாய்களில், ஒவ்வொன்றிலும் தொடக்கம், மூன்றில் ஒரு பங்கு, மூன்றில் இரண்டு, கடைசி என 16 சொட்டிகளில் ஒரு நிமிடம் தண்ணீர் பிடியுங்கள். மணிக்கு 4 லிட்டர் சொட்டி என்றால் நிமிடத்துக்கு 67 மி.லி. வர வேண்டும். மிகக் குறைவான நான்கின் சராசரியை எல்லாவற்றின் சராசரியால் வகுத்துப் பாருங்கள். 45-ஐ 60-ஆல் வகுத்து 75 சதவீதம் வந்தால், குறைவாகக் கிடைக்கும் செடிக்குப் போதுமான நீர் போகும் வரை ஓட்டினால் வயல் முழுவதற்கும் சராசரியாக மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகக் கொட்டும். குறைவான சொட்டிகள் கடைசியில் மட்டும் இருந்தால் அழுத்தக் குறைவு. அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தால் அடைப்பு.

எண் கூடினால் நல்லதா?

எப்போதும் இல்லை. தண்ணீரைக் கொஞ்சம் குறைத்தால் விளைச்சல் சிறிதே குறையும், கன மீட்டருக்கான கிலோ கூடும். நிலம் மிகுந்து தண்ணீர் குறைந்தவருக்கு அது லாபம். நிலமே ஒரு ஏக்கர்தான், தண்ணீர் தட்டில்லை என்பவருக்கு அதே எண் நட்டத்தைக் காட்டும். மழை மிகுந்த ஆண்டில் பாசனத் தண்ணீரால் மட்டும் வகுத்தால் எவருக்கும் அமோகமான எண் வரும், அதில் நிர்வாகத்தின் பங்கு கொஞ்சமே. அதனால் ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிட, நோட்டில் ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் தேதி, தொடங்கிய நேரம், நிறுத்திய நேரம், 'வி' தகட்டின் உயரம், மின் மீட்டர் எண் ஆகியவற்றோடு அன்றன்றைய மழையையும் எழுதி வைக்க வேண்டும்.